பூசணிப்பூவில் அண்ணனின் பங்கு

பூசணியின் ஆண் பூவைக் காலையில் வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். கழுவக் கூடாது. உள்ளே இருக்கும் எறும்பைத் தட்டிவிட்டு, பேப்பர் டவல் விரித்த ஐஸ்கிறீம் பெட்டியில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, பிரிட்ஜின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். பின்சுவரோடு ஒட்டினால் குளிரில் கருகிவிடும். இதெல்லாம் கொலிஜ் லைப்ரரியில் நான் தேடிப் படித்தது. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அதை யாரும் மறக்க நான் விட்டதில்லை.

அண்ணனுக்குத் தேங்காய்ப்பூ போட்டு வறுத்த பூசணிப்பூ வறை என்றால் உயிர். கனடாவுக்கு அனுப்புவதாக அவனைப் பாங்கொக்கில் வைத்திருந்த ஏஜென்ட், "இந்தக் கிழமை ஏத்திவிடுவன்" என்று ஆடி மாதம் போனில் சொன்னார். மறுநாள் காலையே அம்மா இங்கே கனடாவில் எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டின் பின்வளவில் பூப் பறித்தார்.

"எத்தினை நாளைக்கு இருக்கும், பிள்ளை?"

"மூண்டு நாள். மிஞ்சினால் நாலு."

"இவ்வளவு படிச்சும் ஒரு கிழமைக்கு வைக்கத் தெரியாதோ?"

அதன்பின் போன் வரவில்லை. நாங்கள் போன் பண்ணினால் மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். வாடிய பூவை நாங்கள் சாப்பிட்டோம். பெட்டியில் புதியவை ஏறின. பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம், உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

புரட்டாதியில் முதல் உறைபனி விழப்போகிறது என்று ரேடியோ சொன்னது. அம்மா கொடியில் மிஞ்சியதையெல்லாம் பறித்து, பெட்டியில் இருந்ததோடு சேர்த்துச் சனிக்கிழமை விரதச் சமையலில் வறுத்தார். விரதச் சோற்றில் முதல் பங்கு காகத்துக்கு. அதை நான்தான் அலுமினியப் போயில் தட்டில் கொண்டுபோய் வேலிக் கட்டையில் வைப்பேன். அன்றும் குசினி மேசையில் ஒரு போயில் தட்டு இருந்தது. சோற்றின் மேல் வறை குவிந்திருந்தது. வைத்துவிட்டு "கா, கா" என்றேன். உடனே வந்தது. சோற்றைத் தொடவில்லை. மஞ்சளாக இருந்ததை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்றது.

பின்கதவு திறந்தது. அம்மாவின் கையில் இன்னொரு போயில் தட்டு.

"உது ஆற்றை தட்டு? எடியே, உது அண்ணனுக்கு எடுத்து வைச்சதெல்லோ! சூ! போ! அவன் உயிரோட இருக்கிறான்!"

காகம் பக்கத்துக் கூரைக்குப் போய் எங்களையே பார்த்தது. அம்மா கட்டையில் இருந்த தட்டை எடுத்தார்.

"திண்டதோ?"

"இல்லையம்மா. கொத்திச் சிந்தினது மட்டும்தான்."

அம்மா நின்றபடியே அந்தச் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். காகம் கொத்தியதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே அடுத்த கவளத்தை உருட்டினார். ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார்.

"இது படையல் இல்லை. நான் சாப்பிட்டிட்டன். விளங்கிச்சோ?"

"ஓம்."

அண்ணனைப் பற்றி இன்றுவரை செய்தி இல்லை. திவசம் கொடுப்போமா என்று சொந்தக்காரர் கேட்டால், அம்மா என்னைக் காட்டுகிறார்: "அண்டைக்குக் காகம் ஒண்டும் தின்னேல்லை. இவள் படிச்சவள், பொய் சொல்லமாட்டாள். கேட்டுப் பாருங்கோ."

நானும் தலையாட்டுகிறேன்.