முட்டையில் கறுத்த காசு

பிரிஞ்சாங் என்ற மலையூருக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். பழைய நாணயம் சேர்க்கும் என்னிடம் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா கறுத்துப்போன வெள்ளிக் காசு ஒன்றைக் கொடுத்தார். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நேர்த்திக் காசு.

"எந்த ராஜா காசுன்னு பார்த்துச் சொல்லு தம்பி. நாளைக்குத் திருவிழால அம்மனுக்குப் போடணும்."

என் கை சும்மா இருக்கவில்லை. அலுமினியத் தாள், சோடா மாவு, வெந்நீர். காசு புதிதாகப் பளபளத்தது. வேறு காசை மாற்றிவிட்டேன் என்று நினைப்பாரோ? அவித்த முட்டையை நசுக்கி, காசோடு டப்பாவில் போட்டு மூடினேன். முட்டையின் கந்தக ஆவியில் வெள்ளி கறுக்கும்.

"தம்பி, காசு எங்கலா?" வாசலில் அக்கா.

மறுபடி கறுத்திருந்த காசை அவசரமாகக் கழுவிக் கொடுத்தேன். பத்து நாளாக விரதத்தில் இருந்தவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முட்டை வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா காசைப் புரட்டிப் பார்த்தார். "நானே திருநீறு போட்டு வெளுக்க விளக்கித்தான் போடணும்னு இருந்தேன்லா."

காசை என் கையில் திருப்பி வைத்தார். "முட்டை பட்டதாச்சே, நீயே வெச்சுக்க. நான் வேற காசு போட்டுக்கிறேன்."

அந்தக் கறுப்பை எடுக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். இன்னும் எடுக்கவில்லை.