டிக்கெட் கிழிப்பவரின் விமர்சனம்

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் படம் எப்படி என்று கேட்காமல் யாரும் உள்ளே போவதில்லை. நிறையை முதலில் சொல்லி, குறையைப் பிறகு சொல்வது அவர் வழக்கம். இப்போது ஓடும் காதல் கொலைப் படத்தில் மட்டும் அவருக்கு எல்லாமே குறை.

"கொலை பண்ணது ஹீரோதான் சார், இடைவேளையிலேயே தெரிஞ்சிடும். கொட்டுற மழையில அவன் சிகரெட் அணையவே அணையாது!"

டிக்கெட்டோடு ரகசியத்தையும் கிழித்துக் கொடுத்தார். வயிற்றெரிச்சல்தான். பாப்கார்ன் விற்கும் அவர் மனைவி, ஹீரோ காதலைச் சொல்லும் காட்சிக்குத் தினமும் கடையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடுகிறாள்.

"அவன்கிட்ட அப்படி என்னடி இருக்கு?"

"கொலைகாரனா இருந்தாலும் மனசுல இருக்கறத வாயத் திறந்து சொல்றான். நீங்க?"

அவருக்குக் காது சிவந்தது. "பொறாமையா இருக்குடி," என்றார். அவருக்கு வந்த காதல் வசனம் அவ்வளவுதான்.

அவள் சிரித்துக்கொண்டே ஒரு கை பாப்கார்னை அவர் வாயில் திணித்தாள்.