எண்ணூர்க் கடலோரத்தில் ஒரு சிம்மாசனம்

ஞாயிறு, காலை 6.40. வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலிருந்து நானும் என் சகலை சுந்தரமும் ஆட்டோவில் கிளம்பினோம். சகலை போன மாதம்தான் தைவான் சுற்றுலா போய் வந்தார். அங்கே ஒரு கடலோரப் பூங்காவில், அலை அரித்த பாறைகள் காளான் போலவும் ராணியின் தலை போலவும் நிற்கின்றனவாம். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். முந்தின நாள் ராத்திரி என் வீட்டில் பிரியாணி ஆறிப்போகும் வரை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். முந்நூறாவது படத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதெல்லாம் இன்னா சகலை, எங்க எண்ணூர்லயே கீது."

அப்படி இல்லையென்றால் நானூற்றுப் பன்னிரண்டையும் முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும் என்று பந்தயம் கட்டினார். அவர் வேளச்சேரிக்காரர். வடசென்னையின் மானம் என் தலையில் விழுந்தது. எப்போதோ பைக்கில் போகும்போது விநோதமான பாறை ஒன்றைத் தூரத்தில் பார்த்த ஞாபகம் மட்டுமே என் கையிருப்பு.

7.10. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி விம்கோ நகரில் இறங்கினோம். அங்கிருந்து முகத்துவாரக்குப்பம் பக்கம் ஆறு கிலோமீட்டர் இருக்கும். ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய். சகலை வெயில் தொப்பியும் செல்ஃபி ஸ்டிக்குமாக ஏறியதைப் பார்த்து, "எங்க நைனா போணும்?" என்றார் ஓட்டுநர்.

"கடலோரம் பாறை பார்க்கப் போறோம்" என்றார் சகலை.

"பாறையா? லாரில கொண்டாந்து கொட்டுன கல்லுதான் கீது. அத்த பாக்கறதுக்கா தொப்பிலாம் போட்டுகினு வந்துகீற?"

சகலை என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சாலையோரம் நின்ற கன்டெய்னர் லாரிகளை ரொம்ப அக்கறையாக எண்ண ஆரம்பித்தேன்.

8.05. குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினோம். ஓட்டுநர் சொன்னது சரிதான். கடலரிப்புத் தடுப்புக்குக் கொட்டிய கருங்கல்தான் கண்ணுக்கெட்டிய வரை. இன்றைக்கு ராத்திரி நானூற்றுப் பன்னிரண்டு என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டு கற்களைத் தாண்டி இறங்கினேன். இறங்கியவன் நின்றுவிட்டேன். ஈர மணலில் பாசியும் சிப்பியும் பிடித்து ஏழெட்டுப் பாறைகள். ஒன்றில் சிவப்பும் வெளுப்புமாக வரிகள். ஒன்றின் நடுவே ஓட்டை, அதன் வழியாக ஒரு கப்பல் தெரிந்தது. ஒன்று சிம்மாசனம் மாதிரியே இருந்தது.

என்னைவிட சகலைதான் அசந்து போனார். "அடுக்குப் பாறை! பத்தாயிரம் வருஷமாவது ஆகியிருக்கும்" என்று வரிகளைத் தடவிப் பார்த்தார். பிறகு சிம்மாசனத்தில் ஏறிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "எடுங்க சகலை" என்றார். ஜெயித்த சந்தோஷத்தில் அவர் செல்போனில் மற்ற பாறைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன்.

"இன்னா சார், அங்க போய் குந்திகினுகீற?"

மேலே நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் கேட்டார். பெயர் காசியம்மா, ஐம்பது வயதிருக்கும்.

"அது எங்க வூட்டு கக்கூஸு."

சகலை எழுந்த வேகத்தில் தொப்பி கடலில் போய் விழுந்தது.

காசியம்மா சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். "பத்தாயிரம் வருசமா? நான் ஏழாவது படிக்க சொல்ல எங்கப்பா கட்னது சார்." வரிப் பாறை அவர்கள் சமையலறைச் சுவர், சிவப்பு செங்கல், வெளுப்பு சிமெண்ட். ஓட்டைப் பாறை பக்கத்து வீட்டு ஜன்னல். கடைசியாக, மணலிலிருந்து முழங்கால் உயரம் நீட்டியிருந்த ஒன்றின் முன் நின்றார். "இது வாசப்படி. பொங்கலுக்குப் பொங்கல் இதுக்கும் சுண்ணாம்பு அடிப்போம். ரெண்டு நாள்ல கடலு தொட்ச்சிடும்."

"அப்புறம் எதுக்கும்மா அடிக்கிறீங்க?" என்றார் சகலை.

"வூட்டுக்கு அடிக்காம இருப்பாங்களா? எங்களுது மூணாவது தெரு. மின்னாடி ரெண்டு தெருவு உள்ள கீது" என்று அலையைக் காட்டினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சகலை பர்ஸை எடுத்து, "தைவான்ல நுழைவுக் கட்டணம் வாங்கினாங்க…" என்று இழுத்தார்.

"வூட்டுக்கு வந்தவங்கள்ட்ட துட்டு வாங்குவாங்களா? வா, டீ குடிச்சிட்டுப் போ."

சாலைக்கு அந்தப் பக்கம் இப்போது இருக்கும் வாடகை வீட்டில் டீயும் பொரித்த நெத்திலியும் கொடுத்தார்.

10.30. திரும்பும் ஷேர் ஆட்டோவில் நானே சொன்னேன்: "அது பாறை இல்ல சகலை. நான் தோத்துட்டேன்."

பந்தயம் பந்தயம்தான். மாலையில் என் வீட்டில் குடும்பத்தோடு வரிசையாக உட்கார்ந்தோம். சகலை செல்போனை எடுத்து முதல் படத்தைக் காட்டினார்.

"இது காசியம்மா வீட்டு வாசப்படி. செருப்பை இங்க விடணும். இடது பக்கம் சமையல்கட்டு…"

கழிவறையைக்கூட விடவில்லை. அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது யார் என்பதையும் அவரே சொன்னார். ராணியின் தலைக்கு அன்று அவர் போகவே இல்லை.