அக்காவுக்குச் சுற்றிக்காட்டிய நாள்

குன்னூரில் குடியிருந்தால் சம்பளமில்லாத கைடு வேலை தானாக வந்து சேரும். கோயம்புத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். சிம்ஸ் பூங்கா, லாம்ஸ் ராக், டால்பின் நோஸ் என்று இழுத்துக்கொண்டு அலைந்து, சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

போன ஆவணியில் அக்கா வந்தாள். மாமாவும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஒரு நாள் பயணத்துக்கு யாரும் தூக்கி வராத பெரிய பை. பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது, கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள், தங்கப்போகிறாள் என்று. என் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் மாமியார், இன்னொன்றில் பரீட்சைக்குப் படிக்கும் மகனோடு நாங்கள். பை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் கதை முடிந்தது என்று பயந்து, பையோடு அவளை ஆட்டோவில் ஏற்றினேன்.

"மொதல்ல ஊட்டுக்குப் போலாம் கண்ணு," என்றாள்.

"மழைக்கு முன்னாடி பாத்துட்டு வந்தரலாம்க்கா."

பூங்காவில் ருத்ராட்ச மரத்தைக் காட்டினேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, "உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்," என்று ஆரம்பித்தாள். அதைக் கேட்டுவிட்டால் அப்புறம் அனுப்ப முடியாது என்று எனக்குப் பதற்றம். நேரமாச்சு, கூட்டம் வந்துவிடும் என்று ஏதோ சொல்லிக் கிளப்பினேன்.

லாம்ஸ் ராக்கில் மேகம் விலகி, கீழே சமவெளி துல்லியமாகத் தெரிந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கள் ஊரைத்தான் முதலில் தேடுவார்கள். "அதா, உங்க ஊடு அந்தப் பக்கந்தான்க்கா," என்றேன். அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு வெறும் பாறையைப் பார்த்து நின்றாள். எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனாலும் வாய் ஓயவில்லை.

டால்பின் நோஸில் ஒன்றுமே தெரியவில்லை. கேத்தரின் அருவி இருக்கும் திசை முழுக்க ஒரே வெள்ளை. காட்ட எதுவும் இல்லாததால் என் பேச்சும் தீர்ந்துவிட்டது. குளிரில் கையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றதைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் முதலில் ஆட்டோவுக்குத் திரும்பினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் பேக்கரியில் இறங்கினோம். ஊர் திரும்புகிறவர்கள் கையில் மொறுமொறு வர்க்கி பிஸ்கட் கொடுத்து அனுப்புவது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். கால் கிலோ சொன்னேன்.

"பஸ்ஸுக்குங்களா? நொறுங்காம டப்பாவுல போட்டுத் தரட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "வேண்டாங்க. பேப்பர்ல சுத்திக் குடுங்க, போதும். சாயங்காலம் டீக்கு ஊட்டுலயே திங்கறதுக்குத்தான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் முகம் சுளிப்பார். மகன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இடம் தேடுவான். நாளைக்கே மாமா போன் போட்டுக் கத்துவார். எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்து போயின.

"கால் கிலோ பத்தாதுங்க," என்றேன். "அரைக் கிலோவாப் போடுங்க."