நாலு கட்டம் போட்ட பொத்தான்

உத்தமபாளையம் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ராஜபாண்டியின் ஜாப் டைப்பிங் கடை இருக்கிறது. அங்கே மனு அடிக்கிற சண்முகத்தாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு ஒரு பழக்கம். மத்தியானம் டிபன் டப்பாவை மூடியதும், கீபோர்டின் அடிவரிசையில் நாலு கட்டம் போட்ட பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கிக்கொண்டு நாளைக்கு ஒரு எழுத்தாகத் தட்டிப் பார்ப்பாள். யாரிடமும் கேட்கமாட்டாள். கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்கள். அந்த வீம்பு அவளுக்கு ஜாஸ்தி.

'டி'யைத் தட்டிய அன்று திரையில் இருந்ததெல்லாம் மறைந்து, ஒரு பட்டா மனுவே போயிற்றென்று வேர்த்து விறுவிறுத்துப் போனாள். மறுபடி தட்டினால் எல்லாம் பழையபடி வந்து நின்றது. 'எல்' கம்ப்யூட்டரையே பூட்டிவிட்டது. பாஸ்வேர்டு தெரிந்த ராஜபாண்டி சின்னமனூர் போயிருந்ததால், வந்த மூன்று பேரும் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். 'வி'தான் உருப்படியானது. ஒரு சின்னப் பெட்டி திறந்து, இயக்கட்டுமா என்று கேட்டது. இயக்கினாள். அன்றிலிருந்து காப்பி செய்ததெல்லாம் அதில் வரிசையாகத் தங்கியது. கம்ப்யூட்டரை அணைத்தால் போய்விடும், அதுவரை பத்திரம்.

ராஜபாண்டிக்கு இதெல்லாம் தெரியாது. அக்காவுக்குக் கை மெதுவாகிவிட்டது என்பது மட்டும் தெரியும். போன மாதம் கோம்பைக்காரர் ஒருவரின் மனுவில் ஊர்ப்பேர் பண்ணைப்புரம் என்று விழுந்துவிட்டது. "இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா நான் வேற ஆளு பாக்கணும்க்கா" என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னான். இந்த வயதில் வேறு எந்தக் கடையில் சேர்ப்பார்கள்? சண்முகத்தாய் பயந்துதான் போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ராயப்பன்பட்டி இன்னாசியம்மாள் வந்தாள். தோட்டத்துப் பாதையை அடைப்பதற்கு ஆட்சேபணை மனு. அன்றே கடைசி நாள், ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நாலு பக்கம் ஆயிற்று. ஓரம் சரியாக வராததால், சண்முகத்தாய் மொத்தத்தையும் காப்பி செய்து வேறு பக்கத்தில் ஒட்டிப் பார்த்து, பிடிக்காமல் அதை மூடினாள். இன்னாசியம்மாள் சாப்பிடப் போனாள்.

அந்தத் தெருவில் யாரும் மனுவைப் புதிதாக அடிப்பதில்லை. முந்தின மனுவைத் திறந்து, பேரையும் ஊரையும் சர்வே நம்பரையும் மாற்றி, வேறு பெயரில் சேமிப்பார்கள். அவசரமென்று வந்து நின்ற இன்னொருவரின் ஆட்சேபணையை, சண்முகத்தாய் இன்னாசியம்மாளின் மனு மேலேயே அடித்தாள். வேறு பெயர் கொடுக்க மறந்தாள். சேமித்து, பிரிண்ட் எடுத்து, மூடியும்விட்டாள். பிறகுதான் உறைத்தது. நாலு பக்கமும் போயிற்று.

மணி மூன்றேகால். இன்னாசியம்மாள் வந்துவிட்டாள். "முடிஞ்சிருச்சா தாயி?"

"இந்தா, எடுத்துக்கிட்டே இருக்கேன். உக்காருங்க."

பொத்தானையும் 'வி'யையும் அமுக்கினாள். பெட்டி திறந்தது. இரண்டாவதாக மனு முழுசாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. ஒட்டி, சேமித்து, பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பெட்டியில் அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. 'ஜாப் டைப்பிங் கடைக்குப் பெண் தேவை. வயது முப்பதுக்குள்.' காலையில் அவள் முத்திரைத்தாள் வாங்கப் போயிருந்தபோது ராஜபாண்டி இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். அவள் அடுத்த தப்பைச் செய்யும் முன்பே ஆள் தேட ஆரம்பித்துவிட்டான். முதலில் அவமானமாக இருந்தது. அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

வாயை மூடிக்கொண்டால் மனு அழிந்தது யாருக்கும் தெரியாது. விளம்பரத்தைப் பற்றிக் கேட்டாலோ, அதைப் பார்த்தது எப்படி என்று சொல்ல வேண்டிவரும். இன்னாசியம்மாள் தாலுகா ஆபீசில் மனுவைக் கொடுத்துவிட்டு ரசீதோடு ஊருக்குப் போகும்வரை சண்முகத்தாய் யோசித்தாள். பிறகு எழுந்து, ஜெராக்ஸ் மிஷின் பக்கம் நின்ற ராஜபாண்டியிடம் இரண்டையும் சொன்னாள்.

அவன் கழுத்தைச் சொறிந்தான். "சும்மா விசாரிச்சுப் பாப்பமேன்னுதான்க்கா அடிச்சேன்" என்றான். பிறகு, "ஆமா, அழிஞ்சத எப்பிடி எடுத்தீக? எனக்கும் காட்டுங்களேன்" என்றான்.

"முப்பது வயசுக்குள்ள ஒரு பிள்ள வருமில்ல தம்பி, அது காட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மனுவுக்கு உட்கார்ந்தாள்.

விளம்பரம் இதுவரை எந்தப் பேப்பரிலும் வரவில்லை. சண்முகத்தாய் தினமும் பேப்பரைப் பார்க்கிறாள்.