மருமகன் கொண்டுவரும் வஞ்சிரம்

எங்கள் துறைமுகத்து ஊரில் ஜியாவ்ஸி எனும் கொழுக்கட்டை பிடிக்கத் தெரியாத பெண் கிடையாது. ஆனாலும் ஃபெங்ஷியா பிடித்தால் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்போம். வலக்கை பூரிக்கட்டையை உருட்ட, இடக்கை மாவுருண்டையைச் சுழற்றும். ஓரம் மெலிந்து நடு தடித்த வட்டம் ஒன்று பிறக்கும். அதில் மீன் பூரணத்தை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் ஒரே அழுத்து. வயிறு உப்பிய கொழுக்கட்டை பலகையில் ஜம்மென்று உட்கார்ந்துவிடும். எவ்வளவு கொதித்தாலும் அவள் பிடித்தது வாய் பிளந்ததில்லை. எங்கள் வீடுகளில் பாதி பானையிலேயே கஞ்சியாகும், அதை ஏன் சொல்லிக்கொண்டு.

அப்பேர்ப்பட்டவள் அந்த வசந்தத்தில் மாவு டப்பாவைத் திறக்கவே இல்லை. வசந்தத்தில் முதல் வஞ்சிரம் கரைக்கு வந்ததும், மருமகன்கள் நல்ல பெரிய மீனாக, முழுசாக, சிவப்புத் தாள் சுற்றி மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாமியார் அதைக் கொழுக்கட்டையாக்கிப் போடுவாள். இது இந்தக் கரையின் வழக்கம். ஃபெங்ஷியாவின் மருமகன் வென்தாவ் ஒரு வருஷம் தவறியதில்லை. அவள் மகள் ஹைஜென் இறந்துபோன பிறகும் மீனோடு வந்தான், சாப்பிட்டான், தலையைக் குனிந்துகொண்டு போனான். போன குளிர்காலத்தில் அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். இனி வருவானா என்பதுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

ஃபெங்ஷியா பிறந்தது பஞ்ச காலத்தை ஒட்டி. காய்ந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை இடித்த மாவில்தான் அவர்கள் வீட்டுக் கொழுக்கட்டை. கரேலென்று இருக்கும், தொட்டால் உதிரும். வெள்ளைக் கோதுமை மாவு வருஷப் பிறப்புக்கு மட்டும். ஆளுக்கு நாலு கொழுக்கட்டை வந்தால் பெரிது. அதில் ஒன்றுக்குள் அம்மா ஒரு காசை ஒளித்து வைப்பாள். காசு யார் வாயில் வருகிறதோ அவருக்கு அந்த வருஷ அதிர்ஷ்டம். ஒரு தடவை ஃபெங்ஷியாவுக்கு வந்தது. கடித்த கடியில் பல் ஆட்டம் கண்டுவிட்டது. வருஷப் பிறப்பில் அழக்கூடாது என்று அம்மா முறைத்ததால், கண்ணில் நீர் முட்டச் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கடைசிவரை உதவியது.

படகோட்டி லாங்ஃபாவைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். படகு ஏறப் போகிறவனுக்குக் கொழுக்கட்டை, கரை ஏறி வந்தவனுக்கு நூடுல்ஸ். வடசீனத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். போகிறவன் எல்லாவற்றையும் பொதிந்து எடுத்துக்கொண்டு சுகமாகப் போகட்டும் என்பதற்குக் கொழுக்கட்டை. வந்தவன் காலை வீட்டோடு கட்டிப்போட நீள நூடுல்ஸ். மற்றவர்கள் அவசரத்துக்கு ஒன்றைத் தவறவிடுவார்கள். ஃபெங்ஷியா விட்டதில்லை. ஒரு புயலில் படகுகள் திரும்பாமல் ஊரே கரையில் நின்று அழுதபோது, அவள் வீட்டில் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு நெஞ்சு கல்லாடி?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு குயிஹுவா.

"அழுதா மாவு பிசைஞ்சுக்குமா? வர்ற மனுஷன் பசியோட வருவாரு," என்றாள்.

லாங்ஃபா வந்தான். இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். அவன் தூங்கிய பிறகு கொல்லைப்பக்கம் போய் அவள் அழுததை குயிஹுவா பார்த்திருக்கிறாள்.

மகள் ஹைஜென் பிறந்தாள், வளர்ந்தாள். மார்கழிக் குளிர் உச்சத்துக்கு வரும் நாளில், காது உறைந்து உதிர்ந்துவிடாமல் இருக்க நாங்கள் கொழுக்கட்டை சாப்பிடுவோம். எந்தக் காலத்திலோ ஒரு வைத்தியர், குளிரில் காது புண்ணான ஏழைகளுக்குக் காது வடிவில் மாவைப் பிடித்து, ஆட்டிறைச்சியும் மூலிகையும் உள்ளே வைத்து, வேகவைத்துக் கொடுத்ததாகக் கதை. அதைச் சொல்லி முடித்ததும் ஃபெங்ஷியா மகளின் காதை ஒரு திருகு திருகுவாள். கல்யாணமாகிப் போன பிறகும் திருகினாள்.

அந்த மகள்தான் இதய ஆபரேஷனுக்காகப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். காலையில் அவளுக்குப் பிடித்த வஞ்சிரக் கொழுக்கட்டை. "வந்ததும் நூடுல்ஸும்மா, முட்டை ரெண்டு போட்டு," என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்புகிற நாளைக் கணக்குப் பண்ணி ஃபெங்ஷியா மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்தாள். மகள் வரவில்லை. அந்த மாவு பலகையிலேயே காய்ந்து கல்லானது. அதற்குப் பிறகு அந்த அடுப்பில் நூடுல்ஸ் வெந்ததே இல்லை. லாங்ஃபாவும் கேட்டதில்லை. அவன் கடலுக்குப் போவதை நிறுத்தி நாளாகியிருந்தது.

வென்தாவுக்கு வேறு கல்யாணமான பிறகு வந்த அந்த வசந்தத்தில் தெருவெல்லாம் மீன் வாசம். குயிஹுவாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னடி, உன் வீட்டுப் பக்கம் வாசமே காணோம்? என் மாப்பிள்ளை கை நீளத்துக்கு ஒண்ணு தூக்கிட்டு வந்தான்."

"உன் மாப்பிள்ளைக்கு தைரியம் ஜாஸ்தி. போன வருஷம் உன் கொழுக்கட்டையைத் தின்னுட்டும் மறுபடி வந்திருக்கானே!"

குயிஹுவா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஃபெங்ஷியாவுக்குத்தான் சிரிப்பு நிற்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அது நின்றது.

லாங்ஃபா நாள் முழுக்க வாசலிலேயே பழியாகக் கிடந்தான்.

"என்ன பார்க்கிற கிழவா?"

"காத்து எந்தப் பக்கம்னு பார்க்கறேன்."

"இருபது வருஷமா இல்லாத அக்கறை காத்து மேல."

"சந்தையில நாமே ஒண்ணு வாங்கிக்கிட்டா என்ன?"

"வாங்கலாம். வாங்கின மீனுக்கு நான் மாமியாரா இருக்க முடியுமா?" அவள் குரல் இறங்கியது. "அவன் இப்ப வேற வீட்டு மாப்பிள்ளை. மீன் அந்த வீட்டு அம்மாவுக்குத்தான் போகணும். நாம ஆசைப்படறது தப்பு."

மறுநாள் மத்தியானம் கதவைத் தட்டியது ஒரு இளம்பெண். கையில் பிளாஸ்டிக் பை. அதன் மேல் சிவப்புத் தாள், கோணல்மாணலாக ஒட்டியிருந்தது.

"நான் யாலிங். வென்தாவ் வீட்டுல..." என்று பையை நீட்டினாள்.

ஃபெங்ஷியா திறந்து பார்த்தாள். வஞ்சிரம்தான். துண்டு துண்டாக வெட்டி, தலையையும் இரண்டாகப் பிளந்திருந்தது.

"எங்க ஊர் மேற்கே மலைக்காடு. மீனைத் தட்டுலதான் பார்த்திருக்கேன். கடைக்காரர் வெட்டவான்னாரு, சரின்னுட்டேன். முழுசாத்தான் கொண்டு வரணுமாமே! அவரு பார்த்துட்டுத் தலையில கைய வச்சுக்கிட்டாரு. வெக்கப்பட்டுக்கிட்டு தெருமுனையில கார்லயே உட்கார்ந்திருக்காரு."

அந்தப் பெண் படபடவென்று தொடர்ந்தாள்.

"எனக்கு அம்மா அப்பா இல்ல. சித்தப்பா வீட்டுல வளர்ந்தேன். மீன் எங்க கொண்டு போகணும்னு கேட்டேன், அவரு வாயே திறக்கல. போற வீடு ஒண்ணு ஏற்கெனவே இருக்கே, அங்கயே போவோம்னு நான்தான் சொன்னேன். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா, இதை வச்சுட்டுப் போயிடறேன்."

கஷ்டமாகத்தான் இருந்தது. மகள் நின்ற அதே வாசற்படியில் இன்னொருத்தி நிற்கிறாள். ஃபெங்ஷியா பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"தலையையும் பிளந்துட்டானே படுபாவி! எந்தக் கடைடி அது? போய் அவனை வரச் சொல்லு. பொண்டாட்டியை முன்னால அனுப்பிட்டு ஒளிஞ்சுக்கிற ஆம்பளை!"

லாங்ஃபாவுக்கு இளமை திரும்பிவிட்டது. சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, கரண்டியால் மீன் சதையை வழிக்க உட்கார்ந்தான். "வெட்டினதும் நல்லதுக்குத்தான், என் வேலை மிச்சம்," என்று யாலிங்கைத் தேற்றினான். வென்தாவ் வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்து பூண்டுத்தழை ஆய்ந்தான். ஃபெங்ஷியா மாவு பிசைந்தாள். அடித்து, மூடி வைத்து, மறுபடி அடித்தாள். ஆனால் உருண்டை பிடிக்கவில்லை. பெரிய கட்டையை எடுத்து மொத்த மாவையும் ஒரே விரிப்பாக உருட்டினாள். மாவு தூவி மடித்தாள். கத்தியை எடுத்தாள்.

"ஏய் கிழவி, என்ன பண்ற? கொழுக்கட்டைக்கா இது?" என்ற லாங்ஃபா, கரண்டி அந்தரத்தில் நிற்க அவளைப் பார்த்தான்.

"கொழுக்கட்டை கிளம்பறப்பத்தான். வீட்டுக்கு வந்த பொண்ணுக்கு முதல்ல என்ன போடணும்னு உனக்குத் தெரியாதா?"

கத்தி பலகையில் ஓடத் தொடங்கியது. வென்தாவ் தழையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போனான். லாங்ஃபா கரண்டியும் கையுமாகக் குனிந்துகொண்டான். யாலிங்குக்கு எதுவும் விளங்கவில்லை. பலகையிலிருந்து நீளநீளமாக எழுந்த இழைகளைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது.

"நூடுல்ஸா? எனக்கு ரொம்பப் பிடிக்கும்மா," என்றாள்.

ஃபெங்ஷியா மாவு அப்பிய கையாலேயே அவள் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். பிறகு இரண்டு முட்டையை எடுத்து அடுப்பருகே வைத்தாள்.