திரும்பிய நேரம் – பத்தரை

போன சனிக்கிழமை எனக்கு 'ஏ' கிடைத்தது.

கணினி அறிமுகப் பாடநெறியில், முறைமைப் பகுப்பாய்வு என்ற அலகுக்கு. இரண்டு தடவை பெயில் விட்டு, மூன்றாம் தடவை இது. விரிவுரையாளர், நான் எழுதிக் கொடுத்த ஒப்படையின் கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார் – 'தரவு சேகரித்த விதம் மிகச் சிறப்பு.' அதை வாசித்துவிட்டு மன்னார் பஸ் நிலையத்து வாங்கில் குந்தியிருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "பெயிலோ பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

கிழமைக்குக் கிழமை நான் எழுதுகிற இந்தப் பத்திரிகைப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு என் படிப்புக் கதை தெரியும். நாற்பத்தாறு வயதில் ஏன் இந்த வேலை? கந்தோரில் பதவி உயர்வு வேண்டும் என்றால் பல்கலைக்கழகத் துண்டு ஒன்று காட்ட வேண்டுமாம். அதனால் சனிக்கிழமைகளில், என்னிலும் பாதி வயதுப் பிள்ளைகளோடு வாங்கில் இருந்து வட்டமும் பெட்டியும் அம்புக்குறியும் கீறுகிறேன். அதைப் பற்றி இங்கே எத்தனை பகிடி விட்டிருப்பேன்... இன்றைக்குப் பகிடி இல்லை.

முறைமைப் பகுப்பாய்வு என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று பார். அதைப் படமாக வரை. தேவையில்லாததை வெட்டு. மிச்சத்தைக் கணினியில் ஏற்று. இவ்வளவுதான். பார்ப்பதற்கு மூன்று வழி சொல்லித் தந்தார்கள் – ஆவணங்களைப் படிப்பது, ஆட்களிடம் கேட்பது, கூடவே நின்று அவதானிப்பது.

நான் எங்கள் ஊர் மீன்பிடிச் சங்கத்தின் வள்ளப் பதிவேட்டை எடுத்தேன். வேறு எதை எடுப்பேன்? நான் அந்தக் கரையில் பிறந்தவள். என் தம்பி அன்ரன் அந்தக் கரையில் இருந்துதான் தொழிலுக்குப் போகிறான். விடியப்புறம் போகிற ஒவ்வொருவரும் சங்கத்து வாசலில் இருக்கிற கொப்பியில் வள்ள இலக்கம், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். யாராவது திரும்பவில்லை என்றால் சங்கம் கடற்படைக்கு அறிவித்து, மற்ற வள்ளங்களைத் தேட அனுப்பும்.

மூன்று மாதத்துப் பக்கங்களை போனில் படம் எடுத்தேன். என்ன சுத்தம்! திரும்பிய நேரம் என்ற நிரலில் ஓர் இடம்கூட வெறுமை இல்லை. எல்லாரும் பத்தரை, பதினொன்று என்று எழுதியிருந்தார்கள். செயலாளரிடமும் பேசினேன். தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தான் கரைக்கு நடந்து போய் வள்ளங்களை ஒவ்வொன்றாக எண்ணுவதாகச் சொன்னார். பதிவேடு இருக்கும்போது எண்ணுவது ஏன்? அறுபது வயது மனிதர், முழங்கால் வருத்தம் வேறு.

மூன்றாவது வழி – அவதானிப்பு. விடியப்புறம் நான்கு மணிக்கு எழும்பிச் சங்கத்து வாசலில் நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. நுளம்புவலைக்குள் நல்ல நித்திரை. ஒப்படையில் மட்டும் 'மூன்று காலைகள் நேரில் அவதானித்தேன்' என்று எழுதினேன். ஊர்க்காரிக்கு ஊரைப் பார்க்க வேண்டுமா என்ன?

பிறகு சிபாரிசு எழுதினேன். 'கரையில் போய் எண்ணுவது இரட்டை வேலை. நீக்கலாம்.' பதிவை ஒரு விரிதாளில் ஏற்றிக் கொடுத்தேன். திரும்பிய நேரம் இருந்தால் அந்த வரி பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சங்கத்தில் வேலை செய்கிற பெண் பதினொரு மணிக்குக் கொப்பியைப் பார்த்துத் தட்டச்சு செய்வாள். செயலாளர் பன்னிரண்டு மணிக்குக் கதிரையில் இருந்தபடியே நிறத்தைப் பார்த்தால் போதும். அவருக்குப் பெரிய சந்தோசம். எனக்குச் சங்கத்தில் தேத்தண்ணியும் கேக்கும் தந்தார்கள்.

ஐந்து கிழமைக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரை இருக்கும், கந்தோரில் இருக்கிறேன். தம்பியின் மனைவி மெற்றில்டா போன் எடுத்தாள்.

"மச்சாள், இவர் இன்னும் வீட்டை வரேல்ல. போனும் போகுதில்லை."

நான் உடனே செயலாளருக்கு எடுத்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, எல்லாம் பச்சை, அன்ரனும் சூசையும் பத்தரைக்கே வந்துவிட்டார்கள் என்றார். சூசை என் தம்பியோடு ஒரே வள்ளத்தில் போகிறவன். நான் மெற்றில்டாவுக்குத் திருப்பி எடுத்து, வந்துவிட்டான், இயந்திரத்தில் ஏதும் பிழை என்று டவுனுக்குக் கொண்டு போயிருப்பான், பயப்படாதே என்றேன். படித்த மச்சாள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் சமைக்கப் போய்விட்டாள். நானும் கோப்புகளுக்குத் திரும்பினேன்.

மூன்று மணிக்குத் திரும்பவும் போன். அவள் குழந்தையையும் தூக்கிக்கொண்டு கரைக்கே போயிருந்தாள். "மச்சாள், வள்ளம் இல்லை" என்றாள்.

நான் கரைக்கு வந்து சேர்ந்தபோது சோளகக் காற்று நல்லாய் அடித்துக்கொண்டிருந்தது. தேடப் போகிறவர்கள் வள்ளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் தலையில் கை வைத்தபடி மணலில் இருந்தார். கொப்பியில் கையெழுத்து இருக்கிறதே, எப்படி என்று கத்தினேன். அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார்.

"போகேக்கையே ரெண்டுக்கும் நேரம் எழுதிக் கையெழுத்து வைச்சிட்டுத்தானே போறவை. திரும்பின இடத்தை வெறுமையா விட்டிட்டு ஆர் பிள்ளை கடலுக்குப் போவினம்?"

தெரியாத விசயமா இது? தொழிலுக்கு வெளிக்கிடுகிற ஆளிடம் எப்போது வருவீர்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சகுனப் பிழை என்று அம்மா அடிப்பார். அந்தக் கொப்பியோ அதைத்தான் தினமும் கேட்கிறது. வெறுமையாக ஓர் இடத்தை விட்டுக் கேட்கிறது. அவர்கள் அதைப் பயத்தில் நிரப்பிவிட்டுப் போகிறார்கள். ஒரே ஒரு காலை அந்த வாசலில் நின்றிருந்தால் கண்டிருப்பேன்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவில்லையாம். ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாராம். அப்படியானால் பச்சையை ஏன் நம்பினீர்கள்? போனில் நாங்கள் நிற்கிற இடம் தெரிகிறது, அதைப்போல இதுவும் எப்படியோ கடலைப் பார்த்துத்தான் நிறம் காட்டுகிறது என்று நினைத்தாராம். அவரில் என்ன பிழை? படித்தவள் எழுதிக் கொடுத்ததை நம்பினார்.

மறுநாள் காலை வள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். அதில் அன்ரன் மட்டும் இருந்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். காலையிலேயே இயந்திரம் நின்றுவிட்டதாம். போனில் தொடர்பு கிடைக்கவில்லையாம். ஆனாலும் பயப்படவில்லையாம், கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்ததாம்.

"பன்ரெண்டுக்கு எண்ணுவினம், ஒரு மணிக்குள்ள வந்திடுவினம் எண்டு சூசைக்குச் சொன்னனான் அக்கா. ரெண்டு மணியாகியும் ஒருத்தரும் வரேல்ல. கோபுரம் மறையுது எண்டிட்டு அவன் வெறும் எண்ணெய்க் கானைப் பிடிச்சுக்கொண்டு குதிச்சிட்டான்."

எண்ணுவதை நிறுத்தியதை நான் தம்பிக்குச் சொல்லியிருக்கவில்லை. சூசை நல்ல நீச்சல்காரன். கரைக்கு வரவில்லை. கடல் இன்றுவரை அவனைத் தரவும் இல்லை. அன்றைக்கு அவன் மனைவி ரீற்றா ஒரு நேர்த்திக்காக மடு மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். ஊரில் இருந்திருந்தால், என்னை நம்பாமல் பதினொரு மணிக்கே கரைக்குப் போயிருப்பாள்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் இந்தப் பக்கத்தில் நான் வெயிலைப் பற்றியும் பஸ் கண்டக்டரைப் பற்றியும் எழுதினேன். நீங்களும் சிரித்துக் கடிதம் போட்டீர்கள். இதை எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

'ஏ' வந்த அன்றே விரிவுரையாளருக்கு எல்லாவற்றையும் எழுதி, புள்ளியை வெட்டிவிடுங்கள் என்று கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. மனம் வருந்துகிறாராம். ஆனால் புள்ளிகளை மேலே அனுப்பிவிட்டார்களாம், அனுப்பியதை மாற்றுவதற்கு முறைமையில் இடம் இல்லையாம். ஆக, நான் பாஸ்.

கரையில் ஏதாவது மாறியதா? செயலாளர் பழையபடி பன்னிரண்டு மணிக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எண்ணப் போகிறார். ஆட்கள் பழையபடி போகும்போதே இரண்டு கையெழுத்தும் வைக்கிறார்கள். இப்போது நானும் சில நாள் விடியப்புறம் அங்கே போய் நிற்கிறேன். யாருக்கு என்ன பிரயோசனம் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சூசையின் முப்பத்தோராம் நாள் பூசை. முடிந்ததும் ரீற்றா நேரே சங்கத்துக்கு வந்து அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னாள். நானும் அங்கே இருந்தேன். செயலாளர் கொப்பியை விரித்து வைத்துவிட்டு, பொய் கிடக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தப் 'பத்தரை'யை வெட்டப் பேனையை எடுத்தார்.

ரீற்றா அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"வெட்டாதேங்கோ. இதிலயாவது அவர் வந்திட்டார்."